பரிசு அரிசி டிரம்முக்குள் இருக்கிறது

கண்ணைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஆட்டம் குளோஸ், பரிசு கிடையாது என்று ருத்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ருத்விகா, என் மகள், இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு மே லீவில் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருப்பவள், சொன்னால் சொன்னதுதான், அதில் அப்படியே அவள் அம்மா. எனக்கு இன்றைக்குப் பிறந்தநாள். ஆபீசுக்கு லீவு போடவைத்து, பாயசத்தோடு சாப்பாடு போட்டு, ஒரு தூக்கமும் தூங்கவிட்டு, எழுந்ததும் சோபாவில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொல்லியாயிற்று. உள் ரூமில் டிவி தயாராகிறதாம். மிக்சி வந்த அட்டைப்பெட்டி, அதில் சதுரமாக ஓர் ஓட்டை, ஓட்டைக்குள் அவள் முகம், அதுதான் டிவி. என் பக்கத்தில் கோமதி கொத்தவரங்காய் நறுக்குகிறாள், கத்தி பலகையில் படுகிற சத்தம் சீராக வருகிறது. "யம்மா, அப்பா ஓரக்கண்ணால பாக்குறாரான்னு பாரு." "பாக்கலடி, தூங்கிருவாரு போல." உள்ளே கத்தரிக்கோல் அட்டையை அறுக்கிறது. செலோடேப் கிழிகிறது. மத்தியானம் நான் தூங்கும்போது பெய்த மழையின் மிச்சம் சன்ஷேடிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் மனைவி இருக்கிறாள், உள்ளே பிள்ளை இருக்கிறாள், வெளியே இன்னும் நல்ல வெளிச்சம், இதில் பயப்பட என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணை மூடினால் காது பெரிதாகிவிடுகிறது, சின்னச் சத்தத்தையும் விடமாட்டேன் என்கிறது. மூன்று வருஷமாகக் குடியிருக்கிற வீடு, இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்பதுபோல் கேட்கிறேன். பொம்மை மணி ஒன்று ணிங்கென்று ஒலிக்கிறது, அடுக்களைப் பக்கம். கொலுசாக இருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் நான்தான், நான் சொன்ன கதைதான். எங்கள் ஊரில் எங்களுக்கு டிவி என்றால் கேபிள்காரர் டிவி. மற்றதெல்லாம் பெரியவர்களுக்கு. கேபிள் அண்ணாச்சி தன் வீட்டு மாடியறையில் நீலத்துணி கட்டி, பலூன் ஒட்டி, மே மாதம் முழுக்க விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு நிகழ்ச்சி போடுவார். 'லீவு விட்டாச்சு' என்று பேர். கல்யாண வீட்டுக் கேமராதான், அதனால் படம் எப்போதும் கொஞ்சம் மஞ்சளடித்துப்போய் மாப்பிள்ளை அழைப்பு மாதிரியே இருக்கும். அண்ணாச்சியின் தங்கை மகள் விஜி அக்கா, காலேஜ் படிக்கிறவள், சிவப்பு ஹேர்பேண்ட் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். போன் போட்டால், "மொதல்ல ஒங்க டிவி சவுண்டக் கொறைங்க" என்பாள், குறைத்துவிட்டு வருவதற்குள் லைன் கட்டாகிவிடும். நாங்கள் நுங்குக் கறை படிந்த சட்டையோடு, வெயிலில் திரிந்த காலைத் தரையில் தேய்த்துக் குளிரவைத்துக்கொண்டு, வாய் மூடாமல் பார்த்துக்கொண்டிருப்போம். பாட்டுப் பாடிய பையன் நேற்று எங்களோடு கோலி விளையாடியவன்தான், ஆனாலும் டிவியில் பார்த்தபிறகு அவனிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவோம். கரண்ட் போனால் தெருவே ஊவென்று கத்தும். பிறந்தநாள் வாழ்த்து கடைசியில் வரும், அதற்குத்தான் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். அம்மா அப்பா யாராவது முன்னாலேயே கேபிள் ஆபீசுக்குப் போய்ப் பிள்ளையின் போட்டோவைக் கொடுத்து, பரிசை வீட்டில் எங்கே ஒளித்து வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லிவிட்டு வருவார்கள். விஜி அக்கா பேரைச் சொல்லி, தெருவைச் சொல்லி, கையை நீட்டி, "ஒன் பரிசு பீரோவுக்கு அடியில இருக்கு, ஓடிப்போயி எடுத்துக்கோ" என்பாள். அந்தப் பிள்ளை ஓடும். எங்கள் வீட்டு பீரோவுக்கு அடியில் இருப்பது டிவியில் இருக்கிற அக்காவுக்கு எப்படித் தெரியும்? சாமிக்குக்கூட அவ்வளவு விவரம் தெரியாது என்று நினைத்திருந்தேன். அம்மா சொன்னால் ஏன் என்று கேட்போம், வாத்தியார் சொன்னால் பிறகு செய்வோம், விஜி அக்கா சொன்னால் செருப்புக்கூடப் போடாமல் ஓடுவோம்.

செருப்பு. அதை விடு. கதையைச் சொல். ருத்துவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், சாப்பிட அடம்பிடித்தால் இந்தக் கதை, காய்ச்சல் என்றால் இந்தக் கதை. அப்பாவுக்கு ஒன்பது வயசு, பிறந்தநாள். டிவியில் அப்பா போட்டோ வருகிறது, ஊதாச் சட்டை. விஜி அக்கா சொல்கிறாள், "மாரீஸ்வரன், ஒன் பரிசு அரிசி டிரம்முக்குள்ள இருக்கு." ஓடிப்போய் டிரம்மைத் திறந்து தோள்வரை கையைவிட்டுத் துழாவுகிறேன், ஒன்றுமில்லை, அரிசியை அள்ளி அள்ளி வெளியே கொட்டுகிறேன், ஒன்றுமில்லை, ஆச்சி வைத்திருந்த அரிசியெல்லாம் அடுக்களை பூராவும். அவள் தாத்தா வந்து பார்த்துவிட்டு, "மோட்டார் ரூம்னுல்லா சொல்லிட்டு வந்தேன், இவ என்ன அரிசி டிரம்முங்கா" என்கிறார். ஓடிப்போய் மோட்டார் ரூமில் பார்த்தால் அங்கே கிரிக்கெட் மட்டை! இந்த இடத்தில் ருத்து கையைத் தட்டிச் சிரிப்பாள். முதல்தடவை ஊரில் வைத்து இந்தக் கதையைச் சொன்னபோது என் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள், போனவள் வெகுநேரம் வரவில்லை. அப்பா பேப்பரைத் திருப்பினார். கோமதி மட்டும் சிரித்தாள், அவள் திண்டுக்கல்காரி, அவளுக்கு என்ன தெரியும். நான் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கலாம், அப்புறம் சொல்லாததே பழக்கமாகிவிட்டது. பொய் சொல்லவில்லை என்று என்னையே சமாதானம் செய்துகொள்வேன், நடந்ததைத்தான் சொல்கிறேன், நடந்ததில் என் வீட்டுக்குள் நடந்ததை மட்டும். ஆனால் ருத்து ஒருநாள் கேட்டுவிட்டாள். "அப்ப அரிசி டிரம்முல இருந்தது யாரோட கிஃப்ட்ப்பா?" பிசைந்த சோற்றை உருட்டினேன். "வேற ஒரு பாப்பாவோடது." "அந்தப் பாப்பா எடுத்துக்கிச்சா?" "ம், எடுத்துக்கிட்டா, நீ வாயத் தொற." இது மட்டும் பொய். சுத்தமான பொய்.

கீழே மோட்டார் ஓடத் தொடங்குகிறது. ஹவுஸ் ஓனர் போட்டிருப்பார், ஆள் எங்களுக்கும் மேல் மாடியில் இருந்தாலும் சுவிட்ச் அவர் வீட்டுக்குள் இருக்கிறது. சன்னமான உறுமல், சுவர் வழியாக சோபாவுக்கு வந்து என் முதுகில் ஏறுகிறது. படிக்கட்டுக்கு அடியில்தான் மோட்டார் ரூம். குடிவந்த அன்றைக்கே பார்த்தேன், வெறும் கொண்டிதான், எந்தக் குழந்தையும் திறக்கலாம். நான்தான் பூட்டு வாங்கிப் போட்டேன். ஒரு சாவி ஓனரிடம், ஒரு சாவி நம்மிடம், அடுக்களைக் கதவுக்குப் பின்னால் உயரமாக ஆணியடித்து. "ஊர்ல இல்லாத பூட்டு" என்று கோமதி இன்னும் கேலி செய்கிறாள். உள்ளே ஒயர் டேப் சுற்றிய இடம் ஒன்று இருக்கிறது, மழை பெய்தால் தரையில் தண்ணீர் நிற்கும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்று ஓனரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அவரும் பார்க்கலாம் தம்பி பார்க்கலாம் தம்பி என்கிறார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது, நான் மோட்டார் ஓடுகிற பக்கம் போகிறதில்லை. பூட்டு இருக்கிறது, அது போதும். உள்ளே நாற்காலி இழுபடுகிறது. ருத்து எதற்கு நாற்காலியை இழுக்கிறாள், டிவி வைப்பதற்காக இருக்கும். மறுபடி அந்த மணி. "இன்னும் எவ்வளவு நேரண்டா?" என்று கேட்கிறேன். "விளம்பர இடைவேளை" என்கிறாள். கோமதி சிரிக்கிறாள். நானும் சிரிக்கிறேன்.

ஜெபமலர். ஜெபா. மூன்றாம் வகுப்பில் என் பெஞ்சுக்கு எதிர்ப்பெஞ்சு, பின்தெருவில் வீடு, அவள் அம்மா ரோஸ்லின் டீச்சர் எங்கள் பள்ளியிலேயே ஒன்றாம் வகுப்பு எடுத்தவர். அவளுக்கும் அன்றைக்குத்தான் பிறந்தநாள். இதை வைத்து எங்களுக்குள் தினமும் சண்டை, யார் முதலில் பிறந்தது என்று. அவள் காலையில், நான் சாயங்காலம், அதனால் நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்பாள், நான் கூப்பிடவே இல்லை. ஒரே நாள் என்பதால் எங்கள் இரண்டு போட்டோவையும் ஒரே சார்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள். பரிசு இருக்கிற இடத்தைப் போட்டோவின் பின்னால் எழுதித்தான் வாங்கிக்கொள்வார்கள், ஒட்டிவிட்டால் பின்பக்கம் எப்படித் தெரியும். விஜி அக்கா ஞாபகத்திலிருந்து சொன்னாள். இரண்டு இடமும் சரியாகத்தான் ஞாபகம் இருந்தது, ஆள் மாறிவிட்டது. எனக்கு அரிசி டிரம், ஜெபாவுக்கு மோட்டார் ரூம். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசிவிட்டாள் என்று ஊர் பிறகு சொன்னது, ஊர் எதைத்தான் சொல்லாது. ஜெபா வீட்டு வளவில் நாலு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு மோட்டார் ரூம், தகரக் கூரை, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மூடி கிடையாது. முந்தின நாள் கோடை மழை. வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள். பின்னே செருப்பா போடுவாள், விஜி அக்கா சொல்லியிருக்கிறாளே. டீச்சருக்கு அது தப்பு என்று அந்த நிமிஷமே தெரியும். பரிசு அவர்கள் வீட்டு அரிசி டிரம்முக்குள் இருந்தது, அவரே வைத்தது. சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். வெறுங்கையோடு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவாள், அப்புறம் டிரம்மைக் காட்டலாம், இன்னும் வேடிக்கையாக இருக்கும். ஜெபாவின் அப்பா எழுந்தபோதுகூட, "இரிங்க, தேடட்டும், தேடிட்டு வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார். அதைத்தான் மறுநாள் முழுக்கத் திருப்பித் திருப்பிச் சொன்னார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம், மார்பில் அடித்துக்கொண்டு, தேடட்டும்னு சொன்னேனே, தேடட்டும்னு சொன்னேனே. அந்த நேரத்தில் நான் தெருவிளக்கு வெளிச்சத்தில் மட்டை பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் பந்து. பின்தெருவிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பந்து போட்டவன் நின்றுவிட்டான், எனக்குக் கோபம் வந்தது.

மட்டையை அப்பா பரணில் போட்டார், நான் கேட்கவில்லை. மறுநாள் அதே டிவி. நிகழ்ச்சி இல்லை, நீலத்துணி இல்லை, கறுப்புப் பின்னணியில் ஜெபா, மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே பேர், ஷெனாய். வேறு போட்டோவுக்கு எங்கே போவார்கள், அதே சார்ட்டை வெட்டி எடுத்திருக்கிறார்கள், வெட்டினவன் சரியாக வெட்டவில்லை. அவள் தோளுக்குப் பக்கத்தில் ஓரமாக ஊதாச் சட்டைக் கை ஒன்று தெரிந்தது. என்னுடைய முழங்கை. நாள் முழுக்க ஷெனாயோடு என் முழங்கை டிவியில் இருந்தது, வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை, நான் யாரிடமும் காட்டவும் இல்லை. ராத்திரி படுக்கும்போது அந்தக் கையைப் போர்வைக்கு உள்ளே வைத்துக்கொண்டு படுப்பேன். அந்த வருஷம் 'லீவு விட்டாச்சு' நின்றுபோனது, அடுத்த வருஷமும் வரவில்லை. தெருவில் பிள்ளைகள் எல்லாரும் ஜெபாவைத் திட்டினார்கள், அவளால்தான் லீவே போச்சு என்று. நானும்தான். பிள்ளைகளுக்கு அவ்வளவுதான் புத்தி. அந்த டிரம்முக்குள் என்ன இருந்தது என்று மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது. டீச்சர் அதை எடுக்கவில்லை என்றார்கள், டிரம்மைத் திறக்கவே விடவில்லை என்றார்கள், வீடு மாறிப்போனபோது டிரம்மும் அப்படியே வண்டியில் ஏறியது. பொம்மையா, வாட்சா, கலர் பென்சிலா. கலர் பென்சிலாகத்தான் இருக்கும், என்னுடையதை அவள்தான் எப்போதும் கேட்பாள். கூராக்கித் திருப்பித் தருவாள். காலேஜ் படிக்கும்போது ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு, கன்னத்தைத் தொட்டு, "ஒனக்கு இப்ப என்ன வயசாகுதுடா மாரீசு?" என்று கேட்டார். சொன்னேன். "அப்படியா" என்று என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டே நின்றார், உயரத்தை, மீசையை, தோள்பையை. அவர் பார்த்தது என்னை இல்லை. அதற்குப் பிறகு யாராவது வயசு கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இன்றைக்குக் காலையில்கூட ருத்து கேட்டாள், அப்பா ஒங்களுக்கு எத்தனை முடிஞ்சிருக்கு.

"கண்ணைத் தொறங்க!"

திறக்கிறேன். ஸ்டூலின் மேல் அட்டைப்பெட்டி, ஓட்டைக்குள் ருத்து, பின்னால் கோமதியின் நீலத் துப்பட்டா, தலையில் சிவப்பு ஹேர்பேண்ட். நான் சொன்ன கதையில் ஒன்றைக்கூட விடவில்லை. மஞ்சளாக இருக்க வேண்டும் என்று டார்ச்சுக்கு மஞ்சள் தாள்கூட ஒட்டியிருக்கிறாள். "வணக்கம் குழந்தைகளே, இது லீவு விட்டாச்சு. மொதல்ல ஒங்க டிவி சவுண்டக் கொறைங்க. இன்னைக்கு மதுரையில இருக்கிற மாரீஸ்வரன் அப்பாவுக்குப் பிறந்தநாள். ஒங்க பரிசு" என்று நிறுத்தி, கையை ஓட்டைக்கு வெளியே நீட்டி, "அரிசி டிரம்முக்குள்ள இருக்கு. ஓடிப்போயி எடுத்துக்கோங்க!" என்கிறாள். அப்பாடா என்று இருக்கிறது. அரிசி டிரம்தான், அடுக்களைதான், வீட்டுக்குள்தான். கோமதி போனை எடுத்து வீடியோ பிடிக்கிறாள், நான் ஓடுவதுபோல் நடித்துக்கொண்டு போகிறேன், டிரம்மின் மூடியைத் திறக்கிறேன், கையை விடுகிறேன். அரிசி குளிர்ச்சியாக இருக்கிறது, அப்போதும் இப்படித்தான் குளிர்ந்தது. அடிவரை விடுகிறேன், சுற்றித் துழாவுகிறேன். ஏதாவது கையில் தட்டுப்பட்டுவிடுமோ என்று இருக்கிறது. சின்னதாக, செவ்வகமாக, கலர் பென்சில் டப்பா. ஒன்றும் இல்லை. வெறும் அரிசி. "இல்லையேடா" என்கிறேன். பின்னால் நின்று ருத்து கையைத் தட்டிக் குதிக்கிறாள். "ஏமாந்துட்டீங்களா! டிவி அக்கா தப்பாச் சொல்லிட்டா! மோட்டார் ரூம்ல இருக்குப்பா, கதையில அங்கதான இருந்துச்சு. மத்தியானம் மழைக்கு முன்னாடியே வெச்சுட்டேன். இருங்க, நானே எடுத்துட்டு வாரேன்." சொல்லிக்கொண்டே ஓடுகிறாள். அவள் கையில் அந்த மணி ஒலிக்கிறது. கொலுசு இல்லை. கொலுசு அறுந்துபோய் ஒரு வாரமாக பீரோவில் கிடக்கிறது. ஆணியில் இருந்த சாவி அது, தொலைந்துவிடக் கூடாது என்று நானே மணி கோத்துத் தொங்கவிட்ட சாவி. நாற்காலியை இழுத்தது அதற்குத்தான். கதவுக்கு வெளியே அவள் செருப்பு அப்படியே கிடக்கிறது. டிரம்முக்குள்ளிருந்து கையை உருவுகிறேன், அரிசி தரையெல்லாம் கொட்டுகிறது. கோமதி போனைத் தாழ்த்தாமல் சிரிக்கிறாள். "எங்க ஓடுறீங்க, விடுங்க, எடுத்துட்டு வரட்டும்."

படிகள் ஈரமாக இருக்கின்றன. எத்தனை படி என்று தெரியவில்லை, விழுந்தேனா இறங்கினேனா என்றும் தெரியவில்லை. மோட்டார் உறுமிக்கொண்டிருக்கிறது. கீழே கதவு பாதி திறந்திருக்கிறது, பூட்டில் சாவி, சாவியில் மணி ஆடுகிறது. ருத்து வாசல்படியில் நிற்கிறாள், ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே தூக்கியபடி, உள்ளே தரையில் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் மோட்டாருக்குப் பின்னால் கலர் காகிதம் சுற்றிய ஏதோ நீளமாகச் சாய்ந்து நிற்கிறது, மட்டை. அவள் தோளைப் பிடித்து இழுக்கிறேன். இழுத்ததோடு நிற்கவில்லை, அறைந்துவிட்டேன். இதுவரை நான் அடித்ததில்லை. அவள் கன்னத்தில் அரிசித் தவிட்டோடு என் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருக்கின்றன. உடனே அழவில்லை, என்னையே பார்க்கிறாள், உதடு மட்டும் துடிக்கிறது. "நீங்க சொன்ன கதைதானப்பா" என்கிறாள். "நீங்கதான சொன்னீங்க, அங்கதான் இருந்துச்சுன்னு." அப்புறம்தான் அழுகை வருகிறது. கதவைச் சாத்துகிறேன். பூட்டுகிறேன். சாவி இரண்டு தடவை தவறிப்போகிறது. மாடியிலிருந்து கோமதி எட்டிப்பார்த்து, "ஏங்க, புள்ளையப் போயி அடிச்சீங்களா?" என்கிறாள், போன் இன்னும் அவள் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஈரப்படியில் உட்கார்ந்து ருத்துவை மடியில் இழுத்துக்கொள்கிறேன், அவள் வரமாட்டேன் என்று உடம்பை விறைத்துக்கொள்கிறாள். அவள் கால் இரண்டையும் கையில் பிடித்துப் பார்க்கிறேன். உள்ளே இருந்த தண்ணீரை மிதிக்கவில்லை, உள்ளங்காலில் படிக்கட்டு ஈரமண் மட்டும். விடவில்லை, பிடித்துக்கொண்டே இருக்கிறேன்.

"ருத்து, அந்த அரிசி டிரம்முல இருந்தத அந்தப் பாப்பா எடுக்கலடா" என்கிறேன்.

அவள் மூக்கை உறிஞ்சுகிறாள். கோபம் தீரவில்லை, ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எந்தப் பாப்பா?"

"ஜெபமலர்னு பேரு" என்கிறேன்.